செருப்புக்குள் ஒரு கல்

ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர். வயது 25. பதவி ஏற்று ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. உலக நாடுகளிடம் ஆதரவு கேட்டு வருவதற்காக விமானம் ஏறுகிறார். மூன்றாம் நாள் பக்கத்து நாட்டுப் படை உள்ளே இறங்குகிறது. அமைச்சர் இருக்கிறார், நாடு இல்லை. அவர் மறுபடி தன் மண்ணில் கால் வைக்க 24 ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் ஜோசே ராமோஸ் ஹோர்ட்டா. நாடு கிழக்குத் திமோர். 1996இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் என்று பொது அறிவுக் கேள்வி–பதிலில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அதற்கு மேல் நமக்குத் தெரியாது. "டெக்னிக்கலா எழுதாதீங்க, எல்லா டிபார்ட்மெண்டும் படிக்கிற மாதிரி எழுதுங்க" என்று மலர்க் குழுவினர் சொன்னதால், எனக்குப் பல நாளாகப் பிடித்துப்போன இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன். துப்பாக்கி தூக்காமல், கையில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டு அலைந்தவர் இவர். அந்த அலைச்சலால் ஏதாவது பயன் இருந்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று தலைமுறை நாடுகடத்தல்

திமோர், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடமேற்கே கடலில் கிடக்கும் ஒரு நீளமான தீவு. மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடம் இருந்து, பிறகு இந்தோனேசியாவோடு சேர்ந்தது. கிழக்குப் பாதி போர்ச்சுகலிடம் இருந்தது. பரப்பு சுமார் 15,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. சந்தனம், காபி, மலை, ஏழ்மை. போர்ச்சுகல் தன் எதிரிகளைக் கொண்டுபோய்த் தள்ளுகிற தூரத்து மூலையாகவும் அதை வைத்திருந்தது.

ஹோர்ட்டாவின் தாத்தா அப்படித் தீவு தீவாகக் கடத்தப்பட்டுக் கடைசியில் திமோருக்கு வந்தவர். அப்பா சலாசரின் சர்வாதிகாரத்தை எதிர்த்து நாடு கடத்தப்பட்ட போர்ச்சுகீசியர். அம்மா திமோர்ப் பெண். பதினோரு பிள்ளைகளில் ஒருவராக 1949 டிசம்பர் 26 அன்று டிலி நகரில் பிறந்தார் ஹோர்ட்டா. மிஷன் பள்ளிப் படிப்பு. பிறகு பத்திரிகையாளர். வாய் சும்மா இருக்காது. காலனி ஆட்சியைப் பற்றி ஏதோ பேசியதற்காக 1970இல் அவரையும் மொசாம்பிக்குக்கு அனுப்பி வைத்தார்கள். நாடுகடத்தல் அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் ராணுவப் புரட்சி நடந்து சர்வாதிகாரம் கவிழ்ந்தது. காலனிகளை விட்டு வெளியேறப் போவதாகப் புதிய அரசு அறிவித்தது. திமோரில் கட்சிகள் முளைத்தன. ஹோர்ட்டாவும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம் சில மாதங்களில் ஃபிரெட்டிலின் என்று பெயர் மாறியது. அந்த ஜூன் மாதமே அவர் ஜகார்த்தாவுக்குப் போய் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கைச் சந்தித்தார். சுதந்திரம் எல்லா மக்களுக்கும் உரியது, திமோர் மக்களும் அதற்கு விலக்கல்ல என்று மாலிக் எழுத்திலேயே கொடுத்தார். அந்தக் கடிதத்தை ஹோர்ட்டா பத்திரமாக வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் கையில் இருந்த ஆயுதங்கள் எல்லாமே இந்த வகைதான்: எழுதிய காகிதம், தேதி, கையெழுத்து.

ஒன்பது நாள் குடியரசு

1975 ஆகஸ்ட்டில் திமோர்க் கட்சிகளுக்குள்ளேயே சண்டை மூண்டது. ஃபிரெட்டிலின் ஜெயித்தது. போர்ச்சுகீசிய ஆளுநர் எதிரே இருந்த ஒரு சின்னத் தீவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லையில் இந்தோனேசியப் படை ஊடுருவத் தொடங்கியது. அக்டோபர் 16 அன்று பலிபோ என்ற எல்லை ஊரில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காகப் படம் பிடிக்கப் போன ஐந்து செய்தியாளர்கள் கொல்லப்பட்டார்கள். உலகம் அதற்கே பெரிதாகக் கண் திறக்கவில்லை.

படையெடுப்பு நிச்சயம் என்று தெரிந்ததும், நாடு என்ற அந்தஸ்தாவது இருக்கட்டும் என்று நவம்பர் 28 அன்று ஃபிரெட்டிலின் சுதந்திரத்தை அறிவித்தது. ஹோர்ட்டா வெளியுறவு அமைச்சர். டிசம்பர் 4 அன்று அவரும், மாரி அல்கத்தீரி, ரொஜேரியோ லொபாட்டோ ஆகிய இருவரும் வெளிநாட்டு ஆதரவு தேடிப் புறப்பட்டார்கள். டிசம்பர் 7, ஞாயிறு விடியலில் பாராசூட் படையினர் டிலியில் இறங்கினார்கள். குடியரசு ஒன்பது நாளோடு சரி.

படையெடுப்புக்கு முந்தின நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவோடு அமெரிக்க அதிபர் ஃபோர்டும், வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்ஜரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடவடிக்கைக்கு ஆட்சேபம் இல்லை, நாங்கள் ஊர் திரும்பிய பிறகு நடந்தால் நல்லது என்ற பொருளில் அங்கே பேச்சு நடந்தது. அந்த ஆவணம் 2001இல்தான் வெளியே வந்தது. வியட்நாம் போர் முடிந்து சில மாதங்களே ஆன நேரம் அது. கம்யூனிச எதிர்ப்பு, எண்ணெய், கடல்வழி ஆகிய எந்தக் காரணத்தைப் பார்த்தாலும் அமெரிக்காவுக்கு இந்தோனேசியா தேவை. அந்தத் தராசில் ஆறரை லட்சம் திமோர் மக்களுக்கு எடையே இல்லை.

ஓட்டுக் கணக்கு

அந்த டிசம்பரிலேயே ஹோர்ட்டா நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபை முன்னால் பேசினார். டிசம்பர் 22 அன்று சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: இந்தோனேசியா தாமதமின்றிப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும், திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமையை எல்லோரும் மதிக்க வேண்டும். 1976 ஏப்ரலில் இன்னொரு தீர்மானம். இரண்டையும் செயல்படுத்த யாரும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அப்போதைய அமெரிக்கத் தூதர் மொய்னிஹன், இந்த விஷயத்தில் ஐ.நா. எதுவும் சாதித்துவிடக் கூடாது என்பதே தனக்கு வந்த பணி என்றும், அதைத் தான் நன்றாகவே செய்தேன் என்றும் தன் நினைவுக் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறார். 1976 ஜூலையில் இந்தோனேசியா கிழக்குத் திமோரைத் தன் 27வது மாநிலம் என்று சட்டம் போட்டு இணைத்துக்கொண்டது.

பாதுகாப்பு சபை கைவிட்ட பிறகு மிச்சம் இருந்தது பொதுச்சபை. அங்கே ஆண்டுதோறும் ஓட்டெடுப்பு. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்ற வரிசையில் அந்தக் கணக்கைத் தருகிறேன். நம்ம ஆட்கள் நம்பர் பார்த்தால்தான் நம்புவார்கள்!

1975: 72 – 10 – 43
1976: 68 – 20 – 49
1977: 67 – 26 – 47
1978: 59 – 31 – 44
1979: 62 – 31 – 45
1980: 58 – 35 – 46
1981: 54 – 42 – 46
1982: 50 – 46 – 50

இதை வரைபடமாகப் போட்டால் இரண்டு கோடுகளும் 1983இல் வெட்டிக்கொள்ளும் என்று முதலாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். 62 ஓட்டு வித்தியாசத்தில் தொடங்கி, ஏழு ஆண்டுகளில் 4 ஓட்டுக்கு வந்து நின்றது.

இங்கே நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975இல் எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்தப் பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காலனி ஆட்சியை எதிர்த்து உலகமெல்லாம் முழங்கிய நாடு, ஒரு குட்டிக் காலனியின் சுயநிர்ணய உரிமை மேசைக்கு வந்தபோது இந்தோனேசியாவின் பக்கம் உட்கார்ந்தது. பாண்டுங் மாநாட்டிலிருந்து வந்த தோழமை, போர்ச்சுகல் மேல் கோவா காலத்திலிருந்து இருந்த கசப்பு, தன் எல்லைப் பிரச்சினைகளில் சுயநிர்ணயம் என்ற சொல்லைக் கண்டாலே வருகிற தயக்கம். காரணங்கள் இவையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். காரணம் புரிகிறது என்பதால் அந்த ஓட்டு சரியாகிவிடாது.

ஹோர்ட்டாவின் பக்கம் உறுதியாக நின்றவை, போர்ச்சுகலிடமிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த ஐந்து ஆப்பிரிக்க நாடுகள்: மொசாம்பிக், அங்கோலா, கினி பிசாவ், கேப் வெர்டே, சாவோ தோமே. தாங்களே பசியிலும் உள்நாட்டுப் போரிலும் தவித்த நாடுகள் இவை. தூதரகக் கட்டடமோ, சம்பளம் தர ஓர் அரசோ இல்லாத ஹோர்ட்டா, முக்கியமாக மொசாம்பிக்கின் தயவில்தான் நியூயார்க்கில் தாக்குப்பிடித்தார். நடைபாதையில் தூதர்களைப் பிடித்துப் பேசுவது, துண்டறிக்கை கொடுப்பது, காலனி ஒழிப்புக் குழுவில் மனுதாரராகப் போய் உட்காருவது. அவருடைய 26 வயது முதல் 36 வயது வரை பெரும்பாலும் இதிலேயே போனது. நாமெல்லாம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஓடுகிற அதே பத்து வருஷம்!

1982 தீர்மானத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பினரோடும் ஐ.நா. பொதுச்செயலாளர் கலந்து பேசி வழி காண வேண்டும் என்று அது சொன்னது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பொதுச்செயலாளர் பேசிக்கொண்டிருக்கிறார் என்ற காரணத்தைச் சொல்லி, அடுத்த ஆண்டு முதல் திமோர்த் தரப்பு ஓட்டெடுப்பே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோற்றிருப்பார்கள். தோற்றிருந்தால், உலகமே இணைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இந்தோனேசியா சொல்லியிருக்கும். கேட்காததால், ஐ.நா. புத்தகத்தில் கிழக்குத் திமோர் 'தன்னாட்சி பெறாத பிரதேசம், நிர்வாகப் பொறுப்பு போர்ச்சுகல்' என்ற வரியிலேயே நீடித்தது. பார்க்கிறவர்களுக்கு விஷயம் செத்துப்போன மாதிரி இருந்தது. ஆனால் கோப்பு மூடப்படவில்லை. 1999இல் நடந்த எல்லாவற்றுக்கும் சட்டப்படியான வேர் இந்த ஒரு வரிதான். ஹோர்ட்டா ஒருவரே இதைச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரி அழிந்துவிடாமல் வாசலிலேயே காவல் இருந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

மலையிலிருந்து வந்த சிக்னல்

நான் படித்தது மின்னணுவியல் என்பதால் இந்தப் பகுதி எனக்கு நெருக்கமானது. படையெடுப்புக்குப் பிறகு ஃபிரெட்டிலின் போராளிகள் மலைக்குள் ஒரு வானொலி வைத்திருந்தார்கள். வெளியுலகுக்கு இருந்த ஒரே ஜன்னல் அது. ஷார்ட்வேவ் அலை கடலைத் தாண்டி டார்வின் பக்கம் வந்து விழும். அங்கே திமோருக்கு ஆதரவான ஆஸ்திரேலியர்கள் ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒளிந்து, உரிமம் இல்லாத செட்டை வைத்துக்கொண்டு பேசினார்கள், எழுதி எடுத்தார்கள். அந்தச் செய்திகள்தான் ஹோர்ட்டா மாதிரி வெளியில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரும். ஆஸ்திரேலிய அதிகாரிகள் தேடிப் பிடித்து செட்டைப் பறிமுதல் செய்ததும் உண்டு. வேறு செட்டில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

1978 கடைசியில் அந்தக் குரல் நின்றது. குண்டுவீச்சும் சுற்றிவளைப்பும் மலைத்தளங்களைச் சிதைத்துவிட்டன. டிசம்பர் 31 அன்று தலைவர் நிக்கோலாவ் லொபாட்டோ கொல்லப்பட்டார். மலையிலிருந்து இறங்கி வந்த மக்களை முகாம்களில் அடைத்தார்கள். அங்கே பட்டினி. பின்னாளில் திமோரின் உண்மை ஆணையம் கணக்கெடுத்தபோது, 1974 முதல் 1999 வரை குறைந்தபட்சம் 1,02,800 பேர் இந்த மோதலால் இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் கொலை சுமார் 18,600. மீதி சுமார் 84,200 பசியும் நோயும். ஹோர்ட்டாவின் உடன்பிறந்தவர்களில் நான்கு பேர் அந்த ஆண்டுகளில் உயிரிழந்தார்கள்.

இந்த நிலையை யோசித்துப் பாருங்கள். வானொலி ஊமையாகிவிட்டது. யார் சார்பில் பேசுகிறோமோ அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே சரியாகத் தெரியாது. அம்மாவும் ஊரும் எதிரியின் கையில். அடுத்த வாரம் காலனி ஒழிப்புக் குழுவில் உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போய்ப் பேச வேண்டும், அதுவும் கேட்கிறவனுக்குச் சலிப்பு வராத மாதிரி. தூதர் வேலையில் இதைவிடக் கஷ்டமான பாடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

1981இல் மலையில் மிஞ்சியவர்களை சனானா குஸ்மாவ் மறுபடி ஒன்று சேர்த்தார். கட்சி வேற்றுமையைத் தாண்டி எல்லாத் திமோர்க்காரர்களுக்குமான ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று 1980களின் இறுதியில் அவர் முடிவெடுத்தபோது, ஹோர்ட்டாவும் தான் தொடங்கிய கட்சியை விட்டு விலகி, சனானாவின் தனிப் பிரதிநிதியாக வெளிநாட்டில் செயல்பட்டார். அதற்கு முன்பே 1984இல் அமெரிக்காவில் அமைதிக் கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தார். 1989இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தூதர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஐ.நா.வின் எந்தக் கதவு எப்போது திறக்கும், மனு எப்படி எழுத வேண்டும் என்பதை நாடற்றவர்களுக்கும் சிறுபான்மை மக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பள்ளி. அடிபட்டுக் கற்றதை சிலபஸ் ஆக்கிவிட்டார்!

கேமரா, திட்டம், பரிசு

1989 டிசம்பரில் ஆஸ்திரேலிய அமைச்சர் கேரத் எவன்ஸும் இந்தோனேசிய அமைச்சர் அலி அலாதாஸும் திமோர்க் கடலுக்கு மேலே பறக்கும் விமானத்தில் உட்கார்ந்து, கடலடி எண்ணெயைப் பங்கு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஷாம்பேன் கோப்பைகளோடு இருவரும் நிற்கிற படம் உலகமெல்லாம் போனது. போர்ச்சுகல் உலக நீதிமன்றத்துக்குப் போனது. இந்தோனேசியா வழக்கில் இல்லாததால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று 1995இல் நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமை நிலுவையில்தான் இருக்கிறது என்பதை அதே தீர்ப்பில் எழுதி வைத்தது. கோப்பில் இன்னொரு காகிதம் சேர்ந்தது.

1991 நவம்பர் 12. டிலியின் சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு, கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்கு அஞ்சலி செலுத்த மாணவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். ராணுவம் சுட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பின்னால் பட்டியல் எடுத்தவர்கள் சொன்னார்கள். மாக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் செய்தியாளர் அதைப் படம் பிடித்து, பிடிபடும் முன் டேப்பை அங்கேயே மண்ணில் புதைத்துவிட்டு, பிறகு இருட்டில் வந்து எடுத்தார். அந்தச் சில நிமிடப் படம், ஹோர்ட்டா பதினாறு வருஷம் வாயால் சொல்லியும் நம்பாதவர்களை நம்ப வைத்தது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தோனேசிய ராணுவத்துக்கான ஒரு பயிற்சி உதவியை நிறுத்தியது. ஆதாரம் வெளியே வந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள் தயாராக இருந்தார்.

அந்த நேரத்தில் அவர் செய்தது கவனிக்க வேண்டியது. உலகம் கோபமாக இருக்கிறது, உடனே சுதந்திரம் கொடு என்று கேட்கவில்லை. 1992இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். முதலில் படைக் குறைப்பும் மனித உரிமையும். அடுத்து சில ஆண்டுகள் தன்னாட்சி. கடைசியில் மக்கள் வாக்கெடுப்பு. எதிராளி முகம் கோணாமல் படி இறங்கி வரட்டும் என்று ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. இந்தோனேசியா அப்போது ஏறிட்டும் பார்க்கவில்லை.

1996 அக்டோபரில் ஹோர்ட்டாவுக்கும் டிலியின் பிஷப் கார்லோஸ் பெலோவுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் திமோருக்கு உள்ளேயே இருந்து மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் பெலோ. (சிறுவர்கள் தொடர்பான பாலியல் புகார்களால் அவர்மீது கட்டுப்பாடுகள் விதித்திருந்ததை வத்திக்கான் 2022இல் உறுதி செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.) பரிசு உண்மையில் ஜகார்த்தா சிறையில் இருந்த சனானாவுக்குப் போயிருக்க வேண்டும் என்றார் ஹோர்ட்டா. பரிசுக்குப் பிறகு அவரைத் தவிர்ப்பது அரசுகளுக்குக் கடினமாகிவிட்டது.

78.5 சதவீதம்

1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி. 1998 மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹபீபி 1999 ஜனவரியில் யாரும் எதிர்பாராத அறிவிப்புச் செய்தார்: தன்னாட்சி தருகிறோம், வேண்டாம் என்றால் பிரிந்து போகலாம். மே 5 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவர்கள் யார்? இந்தோனேசியா, போர்ச்சுகல், ஐ.நா. பொதுச்செயலாளர். 1982இல் மூடாமல் வைத்த அதே கோப்பு, அதே தரப்புகள்!

ஆகஸ்ட் 30 அன்று, மிரட்டலையும் கொலைகளையும் தாண்டி 98.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 78.5 சதவீதம் பேர் தன்னாட்சி வேண்டாம் என்றார்கள், அதாவது சுதந்திரம் என்றார்கள். அதற்கு விலை உடனே வசூலிக்கப்பட்டது. ராணுவம் வளர்த்த ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன. அந்த ஆண்டில் 1,200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் மேற்குத் திமோருக்கு விரட்டப்பட்டார்கள். செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. டிசம்பர் 1 அன்று ஹோர்ட்டா டிலிக்கு வந்து சேர்ந்தார். போகும்போது 25, வரும்போது 49. ஊர் சாம்பலாக இருந்தது.

2002 மே 20 அன்று சுதந்திரம் மீண்டது. செப்டம்பரில் ஐ.நா.வின் 191வது உறுப்பினர். அலி அலாதாஸ் 2006இல் இந்த விவகாரம் பற்றி எழுதிய நூலுக்கு 'காலணிக்குள் கூழாங்கல்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். பெரிய நாடு, நீண்ட நடை, உள்ளே ஒரு சின்னக் கல். கல்லை எடுத்து எறியவும் முடியவில்லை, மறந்து நடக்கவும் முடியவில்லை. எதிர்த்தரப்புத் தூதரே கொடுத்த சான்றிதழ் அது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

வெளியே நின்று கேட்பது வேறு, உள்ளே உட்கார்ந்து ஆள்வது வேறு. ஹோர்ட்டா 2002 முதல் வெளியுறவு அமைச்சர். 2006இல் படைக்குள் பிளவு ஏற்பட்டு டிலி மறுபடி எரிந்தது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீடு இழந்தார்கள். இந்தத் தடவை அந்நியப் படை மேல் பழி போட முடியாது. அந்தக் குழப்பத்தில் பிரதமர், 2007இல் அதிபர். 2008 பிப்ரவரி 11 அன்று காலை நடை முடித்துத் திரும்பும்போது கலகக்கார வீரர்கள் சுட்டதில் உயிருக்குப் போராடினார். டார்வினில் சிகிச்சை பெற்று ஏப்ரலில் திரும்பினார். தண்டனை பெற்ற அந்த வீரர்களுக்கு 2010இல் அவரே தண்டனையைக் குறைத்து விடுதலைக்கு வழி செய்தார்.

தன்னைச் சுட்டவனை மன்னிப்பது அவர் உரிமை. ஆனால் இந்தோனேசியத் தளபதிகளை சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. அதற்குப் பதில் இரு நாடுகளும் சேர்ந்து உண்மை மற்றும் நட்பு ஆணையம் அமைத்தன. 1999 கொடுமைகளில் இந்தோனேசிய ராணுவத்துக்கும் அரசுக்கும் நிறுவனப் பொறுப்பு உண்டு என்று அதன் 2008 அறிக்கை சொன்னது. இந்தோனேசிய அதிபர் யுதயோனோ வருத்தம் தெரிவித்தார். வழக்கு இல்லை, தண்டனை இல்லை. பத்து மடங்கு, நூறு மடங்கு பெரிய பக்கத்து வீட்டுக்காரனோடு தினமும் வாழ வேண்டும், அரிசி முதல் மாணவர் படிப்பு வரை அவன் தயவு வேண்டும் என்பது ஹோர்ட்டாவின் வாதம். புரிகிறது. ஆனால் பிள்ளையின் எலும்புகூடக் கிடைக்காத தாய்க்கு அந்த வாதம் என்ன பதில் சொல்லும்? இருபத்து நாலு வருஷம் கோப்பை மூடாமல் காத்தவர், இந்த ஒரு கோப்பை மட்டும் மூட ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் முழுச் சமாதானம் இல்லை. படிக்கிற நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.

2012 தேர்தலில் முதல் சுற்றிலேயே தோற்றார். மறு ஆண்டு ஐ.நா. பிரதிநிதியாக கினி பிசாவ் போனார். அன்று தனக்கு ஓட்டுப் போட்ட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று! 2022இல் 62 சதவீத ஓட்டோடு மறுபடி அதிபர். 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் திமோர் லெஸ்தே ஆசியான் அமைப்பின் 11வது உறுப்பு நாடானது. 1975இல் எதிர்த்து ஓட்டுப் போட்ட இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் எல்லாம் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரவேற்றன.

தம்பி தங்கைகளுக்கு

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் அலைச்சலால் பயன் இருந்ததா? அது மட்டுமே போதுமானதாக இருந்ததில்லை. மலையில் சனானா, கல்லறைத் தோட்டத்தில் மாணவர்கள், கேமராவோடு ஒரு செய்தியாளர், கடைசியில் சுகார்த்தோவின் வீழ்ச்சி, எல்லாம் சேர்ந்துதான் கதவு திறந்தது. ஆனால் கதவு திறந்த நாளில் கோப்பு உயிரோடு இல்லாமல் இருந்திருந்தால், 1999இல் பேசுவதற்கு ஐ.நா.வுக்கும் போர்ச்சுகலுக்கும் எந்தச் சட்ட உரிமையும் இருந்திருக்காது. அந்த அளவுக்குப் பயன் இருந்தது. ஒரு லட்சம் பேரை அது காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

நம் கல்லூரியிலிருந்து வெளியே போகும் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்குள் சின்ன மனிதர்களாகத்தான் நுழைவோம். ஒரு பாலத்தின் தரக்குறைவு, ஓர் ஆலையின் கழிவு, ஓர் ஊழியருக்கு நடந்த அநியாயம் என்று ஏதாவது ஒன்று நம் மேசைக்கு வரும். தடுக்கிற அதிகாரம் நம்மிடம் இருக்காது. அப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு: தேதி போட்டு எழுதுங்கள், விதிப் புத்தகத்தைப் படியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சலிப்பான வேலைதான், கைதட்டலும் கிடைக்காது. அதே வேலையைத்தான் நியூயார்க் நடைபாதையில் நின்று அந்த இளைஞர் 1975 டிசம்பரில் ஆரம்பித்தார்.